டிரைவர் எங்கே படுப்பார்

எருமப்பட்டிக்காரர்கள் ஓர் இரவாவது தூங்காத ஊர் இந்தியாவில் அதிகம் இருக்காது. நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில், கொல்லிமலை அடிவாரத்தை ஒட்டியது எருமப்பட்டி, எங்கள் ஊர். வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவராவது லாரியில் போனவர் இருப்பார். நாக்பூர், ராய்ப்பூர், கல்கத்தா, குவாஹாட்டி என்று அவர்கள் பேச்சில் வரும் ஊர்ப் பெயர்களை நான் சிறுவயதில் பக்கத்து ஊர்கள் என்றே நினைத்திருந்தேன். அங்கெல்லாம் எந்த விடுதி நன்றாக இருக்கும் என்று அவர்களைக் கேட்டால் பதில் வராது. எந்த தாபாவில் கயிற்றுக் கட்டில் போட்டுத் தருவார்கள், எந்த பெட்ரோல் பங்கில் குளிக்கத் தண்ணீர் விடுவார்கள், எந்த இடத்தில் கண் அசந்தால் டீசல் டேங்கைத் திறந்துவிடுவார்கள் என்று கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள்.

செலவழிக்கச் செலவழிக்கப் பரிசாகச் சேரும் பாயிண்ட் என்ற பேச்சும் எங்கள் பக்கத்துக்கு டீசல் வழியாகத்தான் வந்தது. பாரத் பெட்ரோலியம் 2001இல் ஸ்மார்ட்ஃப்ளீட் அட்டையைக் கொண்டுவந்தது. இந்தியன் ஆயிலுக்கு எக்ஸ்ட்ராபவர், ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்துக்கு டிரைவ்டிராக். முதலாளி நாமக்கல்லில் இருந்தபடி அட்டையில் பணம் ஏற்றுவார். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் டிரைவர் அதை பங்கில் நீட்டி டீசல் நிரப்புவார். நிரப்பிய அளவுக்குப் பாயிண்ட் சேரும், அட்டை யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில். அதைத் திரும்ப டீசலாக்கலாம், பரிசுப் பொருளாகவும் வாங்கலாம். என் மச்சான் இரண்டு லாரி வைத்திருக்கிறார். அவர் வீட்டுச் சமையலறையில் அப்படி வந்த சாமான்கள் உண்டு. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், எந்த டிரைவர் எந்த இரவில் எந்த பங்கில் நின்றதால் இது வந்தது என்று எனக்குத் தோன்றும். யாரும் எழுதி வைக்காத கணக்கு அது.

மச்சானின் மகன், என் அக்கா பையன், பெங்களூரில் கணினி நிறுவனம் ஒன்றில் இருக்கிறான். வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போகிறவன். அவனிடமும் பாயிண்ட் இருக்கிறது, ஓட்டல் பாயிண்ட். போன கோடையில் அவன் ஃபோன் செய்தான். "மாமா, மெட்ராஸ்ல ரெண்டு நைட் பாயிண்ட்லயே தங்கிக்கலாம். அம்மாயி கடல் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்காங்கல்ல, குழந்தைகளையும் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடலாம். எந்த ஓட்டல்னு மட்டும் நீங்க பாத்துச் சொல்லுங்க." அம்மாயி என்று அவன் சொன்னது என் அம்மாவை. அவள், "எனக்கென்ன கண்ணு, ஒரு பாய் இருந்தாப் போதும்" என்றாள். ஓட்டலைத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. அதன் பிறகுதான் இந்தப் பாயிண்ட் என்பதை உட்கார்ந்து படித்தேன்.

1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அடிக்கடி பறக்கிறவர்களுக்கென்று ஏஅட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியது. 1983இல் ஹாலிடே இன், மேரியட் இரண்டும் அதே வழியை விடுதிகளுக்குக் கொண்டுவந்தன. அவர்கள் கண் வைத்தது தொழில் நிமித்தம் பயணம் செய்கிறவர்கள் மேல். அந்தப் பயணத்துக்குப் பணம் கட்டுவது கம்பெனி. எங்கே தங்குவது என்று முடிவெடுப்பதோ பெரும்பாலும் பயணம் போகிறவர். பணம் தன்னுடையது இல்லாதபோது வாடகை நூறு கூடினாலும் குறைந்தாலும் அவருக்கு வலிக்காது. ஆனால் தன் பெயரில் ஏதோ ஒன்று சேர்கிறது என்றால் அதே விடுதிக்குத் திரும்பத் திரும்ப வருவார். கட்டுகிறவர் ஒருவர், தேர்கிறவர் இன்னொருவர் என்ற இந்த இடைவெளியில்தான் மொத்தத் திட்டமும் நிற்கிறது. இன்று மேரியட்டின் திட்டத்தில் மட்டும் 20 கோடிக்கும் மேல் உறுப்பினர்கள்.

அக்கா மகனுக்கு வந்த பாயிண்டும் அவன் கம்பெனி கட்டிய பணத்தில் வந்ததுதான். அதில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. வீட்டை விட்டு வெளியே படுத்தவன் அவன். மகளின் முதல் பிறந்தநாளன்றுகூட அவன் புனேயில் ஏதோ ஒரு அறையில் இருந்தான். அந்த இரவுக்கு ஏதோ ஒரு ஈடு கிடைத்தால் அது அவனுக்கும் அவன் வீட்டுக்கும்தான் வர வேண்டும். ஒரே வீட்டில் அப்பாவும் மகனும் பாயிண்ட் சேர்க்கிறார்கள். மகன் கணக்கில் வெளியே படுத்தவனுக்கே பாயிண்ட் வருகிறது. அப்பா கணக்கில் வெளியே படுத்தவர் வேறு ஆள்.

இனி ஓட்டல் தேடிய கதை. போகிறவர்கள் அம்மா, அக்கா, மச்சான், பையன், அவன் மனைவி, இரண்டு குழந்தைகள். பெரிய ஓட்டல்களில் ஓர் அறைக்கு இரண்டு பெரியவர்கள், கூட ஒன்றிரண்டு குழந்தைகள் என்பது பொதுவான கணக்கு. பாயிண்டில் எடுத்த அறையும் அந்தக் கணக்குக்குள்தான் வரும். மூன்றாவது பெரியவர் வந்தால் கூடுதல் படுக்கைக்குப் பணமாகக் கட்ட வேண்டியிருக்கும். ஐந்து பெரியவர்களுக்கு மூன்று அறை, அல்லது இரண்டு அறையும் ஒரு கூடுதல் படுக்கையும். அறைகள் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் என்று பதிவு செய்யும்போது யாரும் உறுதி சொல்வதில்லை. இரவில் எழுந்தால் திசை தெரியாமல் நிற்கும் என் அம்மாவை ஆறாவது மாடியிலும், அக்காவை ஒன்பதாவது மாடியிலும் வைத்தால் அக்கா தூங்கவே மாட்டாள்.

காலைச் சாப்பாட்டையும் பார்த்தேன். மேரியட்டில் வருடத்துக்கு 50 இரவு தங்கினால் பிளாட்டினம் என்ற நிலை கிடைக்கும். அந்த நிலைக்காரருக்குப் பல விடுதிகளில் காலை உணவு இலவசம், அவருக்கும் கூட ஒருவருக்கும். கூட ஒருவர் என்பதில்தான் என் மனம் நின்றுவிட்டது. தனியாகப் போகிறவர், எப்போதாவது மனைவியை அழைத்து வருகிறவர், இவர்களை மனத்தில் வைத்து எழுதிய விதி. பாட்டியும் பேத்தியும் ஒரே தட்டில் இட்லியைப் பிய்த்துத் தின்னும் குடும்பம் அதில் எங்கும் இல்லை. ஐந்து இரவு பாயிண்டில் பதிவு செய்தால் ஓர் இரவு இலவசம் என்றும் ஒரு விதி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் பண்ணையையும் மாட்டையும் விட்டுவிட்டு யார் போகிறார்கள்?

எந்த ஓட்டல் என்ற கேள்விக்குச் சென்னையில் விடைகளுக்குப் பஞ்சமில்லை. நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டல் 1974இலிருந்து இருக்கிறது. ஐ.டி.சி. நிறுவனம் ஓட்டல் தொழிலுக்குள் வந்ததே சென்னையில்தான், 1975 அக்டோபரில் திறந்த கதீட்ரல் சாலைச் சோழா வழியாக. 2012இல் கிண்டியில் கிராண்ட் சோழா வந்தது, 600 அறைகளுடன். பெயர் பார்த்துப் போகிறவர்கள் அடையாறு கேட் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். டி.டி.கே. சாலையில் 1981இல் ஹாலிடே இன் என்று தொடங்கிய கட்டடம் அது. பிறகு பார்க் ஷெரட்டன், கடைசியில் கிரவுன் பிளாசா. தட்சிண் உணவகம் அங்கேதான் பேர் வாங்கியது. 2023 டிசம்பரில் ஓட்டல் மூடப்பட்டது, கட்டடமும் போய்விட்டது. ஓட்டல் குழுமங்கள் பெரும்பாலும் தங்கள் பெயரையும் நிர்வாகத்தையும் கொடுக்கின்றன. கட்டடமும் மண்ணும் வேறொருவருடையவை. நாம் பெயருக்குப் பாயிண்ட் சேர்த்துக்கொண்டிருக்க, பெயர் வேறு வாசலுக்குப் போய்விடலாம். பாயிண்டின் மதிப்பும் அப்படித்தான் நகரும். எந்த ஓட்டலுக்கு எத்தனை பாயிண்ட் என்று முன்பு அட்டவணை இருந்தது. 2022இல் மேரியட் அதை எடுத்துவிட்டது. இப்போது கூட்டத்தையும் நாளையும் பொறுத்து எண் ஏறி இறங்குகிறது. அதனால் சேர்த்து வைக்காதே, வேண்டும்போது செலவழி என்று பையனிடம் சொன்னேன். அதற்கு மேல் அந்தக் கணக்கில் எனக்கு ஈடுபாடு இல்லை.

எனக்குப் பெரிதாகப் பட்டது நேரம். எங்கள் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் இருட்டோடு போய்ச் சேர்கிறவர்கள். சேலம் கரூர் பாதை 2013இல் வந்தபின் நாமக்கல்லுக்கு ரயில் உண்டு. பழனி வழியாக வரும் வண்டியில் ராத்திரி ஏறினால் விடியுமுன் சென்ட்ரலில் இறக்கிவிடும். ஆம்னி பஸ்ஸும் அந்த நேரத்துக்குத்தான் கிளாம்பாக்கத்தில் கொண்டு விடும். பெரிய ஓட்டலில் அறை கிடைப்பது மத்தியானம் இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ. முழங்கால் வலிக்காரியான அம்மாவை விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை பளபளக்கும் முன்கூடத்து சோபாவில் உட்கார்த்தி வைக்க முடியாது. வேண்டுமானால் முந்தின இரவுக்கும் பாயிண்ட் கட்ட வேண்டும். எழும்பூர் கென்னட் லேன் பக்கம் இருக்கும் பழைய லாட்ஜ்களில் இந்தத் தொல்லை இல்லை. வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம், அவ்வளவுதான் கணக்கு. ரயிலடியை நம்பிப் பிழைத்தவர்களுக்கு ரயில் எப்போது வரும் என்று தெரிந்திருந்தது. என்னைக் கேட்டால், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நீச்சல் குளத்தைவிட இது பெரிய வசதி.

குளியலறையையும் சொல்லிவிட வேண்டும். புதிய ஓட்டல்கள் பலவற்றில் அறைக்கும் குளியலறைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். திரை இருக்கும், இழுத்துவிடலாம். இருந்தாலும் மாமியாரும் மருமகளும் பேரக்குழந்தைகளும் ஓர் அறையில் இருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. ஃபோனில் இதைக் கேட்டபோது எதிர்முனையில் பேசிய பெண் பொறுமையாகப் பதில் சொன்னார். எந்த மாடியில் சுவர் வைத்த குளியலறை இருக்கிறது என்று பார்த்தும் சொன்னார்.

ரயில் சரிப்படாததால் கார் என்று முடிவானது. துறையூர், பெரம்பலூர் வழியாகத் திருச்சி சென்னை நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் காலையில் கிளம்பி மத்தியானம் அறை திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். மச்சானுக்கு இப்போது நெடுந்தூரம் ஓட்டக் கண் ஒத்துழைப்பதில்லை. பையன் பெங்களூரிலிருந்து நேரே வருகிறான். அதனால் மச்சானின் லாரியில் பல வருடமாக இருக்கும் டிரைவர் ஒருவரே காரை எடுத்து வருவதாக ஏற்பாடு. அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். எல்லாம் முடிந்தபின் அக்காதான் கேட்டாள்: "ஏந்தம்பி, டிரைவர் எங்க படுப்பாரு?"

அந்தக் கேள்விக்கு வீட்டில் யாரும் உடனே பதில் சொல்லவில்லை. டிரைவரே சொன்னார், "நான் வண்டியிலயே படுத்துக்கறனுங்க அண்ணா. பழக்கந்தானுங்களே."

பழக்கம்தான். நாமக்கல் பட்டறைகளில் பாடி கட்டும்போது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு படுக்கைப் பலகையும் சேர்த்தே கட்டுகிறார்கள். அதில் காலை மடக்கிப் படுத்து நாடு முழுதும் சுற்றியவர் அவர். பகலில் லாரிகளை நகருக்குள் விடாததால் மாதவரத்திலும் செங்குன்றத்திலும் இஞ்சின் சூட்டோடு படுத்துக் காத்திருந்தவர். 50 இரவு என்பதை அவர் இரண்டு மூன்று மாதத்தில் தாண்டிவிடுவார். எந்தக் கணக்கிலும் அவருக்கு பிளாட்டினம் கிடையாது. பழகியிருக்கிறார் என்பதால் அவருக்குப் படுக்கை வேண்டாம் என்று ஆகிவிடுமா? திரும்பும் நாளில் ஒரு குடும்பத்தின் உயிரைச் சுமந்து அந்த வண்டி மறுபடி நெடுஞ்சாலையில் ஏறப்போகிறது.

ஓட்டல்களுக்கு மறுபடி ஃபோன் செய்தேன், இந்த முறை ஒரே கேள்வியோடு. ஒன்றில் கேள்வியே புரியவில்லை. இன்னொன்றில் வண்டி நிறுத்தும் தளத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்றார்கள். வேறொன்றில் டிரைவருக்கும் ஓர் அறை எடுத்துவிடுங்கள் என்றார்கள், பாயிண்டிலேயே. எங்களைப்போல் எத்தனை குடும்பங்கள் வாடகைக் காரில், வேனில், டிரைவரோடு சென்னைக்கும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகின்றன. மேலே ஏழாவது மாடியில் நான்கு தலையணை வைத்த கட்டில். கீழே சீட்டைச் சாய்த்து, கொசுவுக்குக் கண்ணாடியை ஏற்றி, காற்றுக்கு இறக்கி, ஒரு மனிதர்.

தமிழ்நாடு அரசு இதைப் பார்க்காமல் இல்லை. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை 2023இல் திருத்தி, ஓட்டல்களும் தங்கும் விடுதிகளும் விருந்தினர்களின் ஓட்டுநர்களுக்கு வளாகத்துக்குள்ளோ 250 மீட்டர் தூரத்துக்குள்ளோ படுக்கையும் கழிப்பறையும் குளியலறையும் உள்ள தங்குமிடம் தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு மாநில அரசின் கட்டட விதிக்குள் டிரைவரின் தூக்கம் இடம் பிடித்திருக்கிறது. கட்டட விதி என்பதால் புதிதாக அனுமதிக்கு வருகிற கட்டடங்களைத்தான் அது எளிதில் பிடிக்கும். ஏற்கெனவே நிற்கிற கட்டடங்களில் விருந்தினர் கேட்டால்தான் ஏதாவது நடக்கும்.

வழிப்போக்கனுக்கு இடம் தருவதில் இந்த மண்ணுக்கு நீண்ட பழக்கம் உண்டு. மதுரையில் ராணி மங்கம்மாள் பெயரில் இருக்கும் சத்திரம் இன்றும் ரயில் நிலையத்துக்கு எதிரே தெரிகிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் கிழக்கிந்தியக் கும்பினிக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தன் சத்திரங்களையும் அவற்றுக்கு விட்ட மானியங்களையும் கை வைக்காமல் விடச் சொல்லி எழுதியது. அங்கே என்னென்ன நடக்கிறது என்று விளக்கியிருக்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை வருகிற எல்லாருக்கும் சோறு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமானும். நோய்ப்பட்டவர்களுக்கு வைத்தியர், குழந்தைகளுக்குப் பால், அங்கே பிள்ளை பெறும் பெண்கள் மூன்று மாதம் இருந்துகொள்ளலாம். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வரும்படி கூவி அழைப்பார்களாம். சத்திரங்களைப் பொற்காலமாக்கி நான் பேசவில்லை. சாதிவாரியாகப் பந்தி பிரித்ததும், சிலருக்கு வாசலோடு முடிந்ததும் அதே வரலாற்றில் இருக்கிறது. ஆனால் அந்த நள்ளிரவு மணி எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. உள்ளே வந்துவிட்டவர்களைக் கவனித்ததோடு நிற்காமல், வெளியே யார் மிச்சம் என்று கேட்ட ஏற்பாடு அது.

அதன் சாயலை இன்று நட்சத்திர ஓட்டல்களில் நான் காணவில்லை, நெடுஞ்சாலை பங்குகளில் கொஞ்சம் காண்கிறேன். அப்னா கர் என்ற பெயரில் எண்ணெய் நிறுவனங்கள் லாரி ஓட்டுநர்களுக்குப் படுக்கைக் கூடங்கள் கட்டி வருகின்றன. கட்டில், குளியல், சொந்தமாகச் சமைத்துக்கொள்ள இடம். ஃபோனிலேயே பதிவு செய்யலாம். 2025 நடுவில் நாடு முழுவதும் 360க்கும் மேற்பட்ட இடங்கள், 4,600க்கும் மேல் படுக்கைகள். நாமக்கல் மாவட்டத்து லாரிகளுக்கே போதாத எண்ணிக்கைதான், இருந்தாலும் தொடக்கம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்பதும் வந்துவிட்டது. மச்சானின் வண்டிகள் அதற்கு முந்தியவை.

மச்சானிடம் ஒன்று சொன்னேன். டீசல் அட்டையில் சேரும் பாயிண்டில் ஒரு பங்கை டிரைவர்களுக்கு என்று ஒதுக்க வேண்டும், தீபாவளிக்குத் தரும் துணிமணியோடு சேர்க்காமல் தனியாக, அவர்கள் நிரப்பிய டீசல் கணக்கோடு. "அது முதலாளி போட்ட பணமல்ல மாப்ள?" என்றார். பணம் அவருடையதுதான், மறுக்கவில்லை. இரவு யாருடையது என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றார். அவர் யோசிப்பதாகச் சொன்னால் யோசிப்பார்.

கடைசியில் எழும்பூரில், நட்சத்திரம் அதிகம் இல்லாத ஓர் ஓட்டலை எடுத்தோம், பணம் கொடுத்து. எதிரெதிரே இரண்டு அறை, கூடுதலாக ஒரு கட்டில், சுவர் வைத்த குளியலறை, வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் டிரைவர்களுக்கென்று மின்விசிறியும் கட்டில்களும் போட்ட ஒரு கூடம். நான் ஃபோனில் கேட்டதும் வரவேற்பில் இருந்தவர், "இருக்குங்க சார், காலைல டிபனும் உண்டு. யாரும் இதக் கேட்டுட்டு ரூம் போடறதில்ல" என்றார். பாயிண்ட் பையன் கணக்கிலேயே இருக்கிறது. அவனும் மனைவியும் மட்டும் எங்காவது போகும்போது அது சரியாகப் பொருந்தும், அப்போது செலவழிக்கட்டும்.

இந்தத் தேடலில் எத்தனையோ பதிவுப் பக்கங்களைப் பார்த்துவிட்டேன். நீச்சல் குளம் வேண்டுமா, உடற்பயிற்சிக் கூடம் வேண்டுமா, நாய்க்கு அனுமதி வேண்டுமா, காருக்கு மின்சாரம் ஏற்ற வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. காரை ஓட்டி வந்தவருக்குக் கட்டில் உண்டா என்பதற்கு ஒரு கட்டம் வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு விதியே இருக்கிறபோது தனியார் ஓட்டல் குழுமங்கள் இங்கிருந்தே அதைத் தொடங்கலாம். நம் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தன் ஓட்டல்களுக்கு அதைச் செய்து காட்டினால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள். அதுவரை அறை பதிவு செய்யும் ஒவ்வொருவரும் ஃபோனை எடுத்து இந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். குறிப்பாக நாமக்கல், சேலம் பக்கத்துக்காரர்கள் நாம் கேட்க வேண்டும்.